போதகரின் மேலங்கி: மலையகத் திருப்பணியில் ஊக்கமும் நடைமுறையும்

பவுல் அப்போஸ்தலர் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் முடிவில் சில சின்ன விஷயங்கள் வருகின்றன. பிரசங்கங்களில் அதிகம் எடுபடாத பகுதி அது. துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்கிறார். புத்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் கேட்கிறார். தேமா விட்டுப் போய்விட்டான், லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறார், நீ வா, மாற்கையும் கூட்டிக்கொண்டு வா என்கிறார். மாரிகாலத்துக்கு முன் வந்து சேரும்படி வேண்டுகிறார். ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை மலைமுகட்டை மறைத்துக்கொண்டு நாள்கணக்கில் விடாமல் பெய்யும்போது, தலவாக்கலையில் உட்கார்ந்து இதை வாசிப்பவருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

போதகர்களை ஊக்கப்படுத்த வேண்டும் என்று பேச்சு வந்தால் நாம் செய்வதென்ன? ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துகிறோம். ஒரு வசனத்தைச் சட்டம் போட்டுக் கொடுக்கிறோம். அன்போடுதான் செய்கிறோம். ஆனால் உலகத்துக்கே ஊக்கம் தந்த பவுல் தமக்கென்று கேட்டது வேறு: குளிருக்கு ஒரு துணி, வாசிக்கப் புத்தகம், பேச ஒரு ஆள். தோட்டங்களில் ஊழியம் செய்கிறவர்களை நாற்பது வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மூன்றில் ஏதோ ஒன்று இல்லாமற்போன இடத்தில்தான் நம் போதகர்கள் உடைகிறார்கள். விசுவாசக் குறைவால் உடைந்தவரை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

இந்த ஊழியத்தின் வேர் கோப்பிக் காலத்தில் இருக்கிறது. 1854இல் கண்டியில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. தோட்டத் துரைமார் சிலர் பணம் போட்டார்கள், சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கம் ஆள் கொடுத்தது. திருநெல்வேலியில் ஊழியம் செய்திருந்த செப்டிமஸ் ஹோப்ஸ் பொறுப்பாளராக வந்தார். தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார். கூலி என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய அந்த மிஷனில் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது. உபதேசியாருக்குப் படியளக்கும் பணம் துரையின் சந்தாவிலிருந்து வந்தது. அவர் போய் உட்கார வேண்டிய இடமோ துரைக்குப் பயந்து வாழ்ந்தவனின் லயக் காம்பரா. இரு பக்கத்தாரும் அவரை மற்றப் பக்கத்து ஆளாகப் பார்க்கக்கூடிய நிலை அது. 1869இல் கோப்பியை இலைநோய் பிடித்து, பிறகு மலையெல்லாம் தேயிலை ஆனபோதும் அந்த நிலை மாறவில்லை. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852இலும், டிக்கோயாவின் வார்லி ஆலயம் 1878இலும் எழுந்தன. கல்லில் கட்டிய அந்த ஆலயங்கள் துரைமாருக்காக எழுந்தவை. தமிழ்ச் சபையோ பல தோட்டங்களில் லயத்து வாசலில் கூடியது.

என் தாத்தா அப்படியொரு தோட்டத்து உபதேசியார். அவர் விட்டுச் சென்றவற்றில் எனக்குக் கிடைத்தது ஒரு கணக்குப் புத்தகம். கணக்கு எழுதவென்று கோடு போட்ட தாள்களில் அவர் ஆட்களை எழுதியிருந்தார். லயத்தின் நம்பர், காம்பரா, வீட்டில் யார் யார், யாருக்கு என்ன வருத்தம், எந்தப் பிள்ளை எத்தனையாம் வகுப்பு. ஓரத்தில் போன தேதி. ஒரு வீட்டுக்கு எதிரே ஒன்பது தேதிகள் வரிசையாக இருக்கின்றன, கடைசித் தேதிக்குப் பக்கத்தில் 'பேசினான்' என்று ஒற்றைச் சொல். யார் அவன், என்ன பேசினான் என்று இல்லை. ஒன்பது தடவை போயிருக்கிறார் என்பது மட்டும் இருக்கிறது.

வீடு சந்திப்பு என்பதைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் உண்டு. இங்கிலாந்தில் கிடர்மின்ஸ்டர் என்ற நெசவாளர் ஊரில் ஊழியம் செய்த ரிச்சர்ட் பாக்ஸ்டர் 1656இல் வெளியிட்ட நூல் இன்றும் இறையியல் மாணவர் கையில் இருக்கிறது. தம் வட்டாரத்தின் 800க்கு மேற்பட்ட குடும்பங்களையும், வாரத்துக்குப் பதினைந்து பதினாறு என்ற கணக்கில், ஒரு வருடத்துக்குள் தனித்தனியாகச் சந்திக்கும் முறையை அவர் வைத்திருந்தார். பிரசங்கத்தைப் பல வருடம் கேட்டும் விளங்காதவர்கள் நேரில் பேசும்போது விளங்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் அனுபவம். தோட்டத்துக்கு இது இன்னும் பொருந்தும். ஞாயிறு ஆராதனைக்கு வராதவர் எல்லோரும் பின்வாங்கிப் போனவர்கள் என்று புதிதாக வரும் போதகர் நினைத்துவிடுகிறார். கொழுந்து மண்டிக் கிடக்கும் காலத்தில் ஞாயிறும் கைக்காசுக்குக் கூடை தூக்க வேண்டியிருக்கும். அந்தக் காசில்தான் பிள்ளையின் சப்பாத்து வரும். ஆராதனையை மாலைக்கு மாற்றினால் வருவார்கள். மாற்றிய சபைகளில் வந்திருக்கிறார்கள்.

போகும் நேரமும் ஒரு படிப்பு. காலையில் பெயர் பதியும் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் யாரும் நின்று பேச முடியாது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்ணுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், காலில் கடித்த அட்டையைப் பார்க்கக்கூட நேரமிருக்காது. அந்த வேளையில் போய் உட்கார்ந்து நீண்ட ஜெபம் பண்ணுவது அவள் மேல் இன்னொரு சுமை. ஆறரைக்கு மேல் போனால் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்துக்கு அவள் உங்களோடு இருப்பாள். சம்பள நாளன்று காணிக்கைப் பேச்சு எடுக்கவே கூடாது. அன்று அந்த வீட்டில் கடைக் கணக்கும் கடன்காரரும்தான் பேச்சு.

லயத்தில் ரகசியம் காப்பது தனிக் கலை. நீள லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையில் ஒரு சுவர்தான். பல இடங்களில் கூரைக்குக் கீழே அதுவும் முழுதாகச் சேராது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் 'என்னக்கா, சளியா?' என்று குரல் வரும். இப்படிப்பட்ட வீட்டில் புருஷன் குடித்துவிட்டு அடிப்பதை ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? ஒரு மூத்த போதகரோடு நான் போயிருந்தபோது, வீட்டுக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். அவர் பேசாமல் எழுந்து ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்க, தலையைக் குனிந்தபடி அவள் சொல்லி முடித்தாள். இறையியல் கல்லூரியில் ஆற்றுப்படுத்தல் என்றொரு பாடம் உண்டு. ரேடியோவைக் கூட்டி வைப்பதை அவர் எங்கே படித்தாரோ. தனியாகப் போகாமல் என்னைக் கூட்டிப்போனதும், நான் வாசற்படியில், பார்வைக்கு எட்டிய தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டதும் அவளையும் அவரையும் காப்பதற்காகத்தான். அடி தொடர்ந்தால் ஜெபத்தோடு நிறுத்தாமல் பொலிஸுக்குப் போகத் துணை நிற்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நானும் அப்படியே.

சாவு வீட்டில் போதகரின் உண்மையான பிரசங்கம் நடக்கிறது. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் லயம் முழுதும் துக்கம். கிறிஸ்தவர், இந்து என்று அடுப்பு பிரிந்திருக்காது. மழையில் சேறான மலைப்பாதையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது போதகர் குடைக்குக் கீழே அங்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வராமல், ஒரு வளைவுக்காவது தோள் கொடுத்தால் அதை ஊர் பல வருடம் சொல்லும். அடக்கத்துக்கு வந்த இந்துச் சகோதரர்களை வைத்துக்கொண்டு நரகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் உண்டு. துக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் அவர் கழுத்தைப் பிடிப்பது போன்றது அது. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் இந்துக்கள், அதற்கடுத்து பௌத்தர்கள். அவர்கள் நடுவில் ஒரு சிறுபான்மையாக வாழும் சபைக்கு நல்ல பெயர் என்பது பல தலைமுறை சேர்த்த முதல். ஒரே பேச்சில் அது கரைந்துவிடும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச நம் சபைகள் கூச்சப்படுகின்றன. கூச்சம்தான் எல்லாக் கெடுதலுக்கும் இடம் கொடுக்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. குறித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். இந்தப் பணத்திலிருந்து வரும் காணிக்கையில்தான் பல சுயாதீன சபைகளின் போதகர்கள் வாழ்கிறார்கள். பெரிய திருச்சபைகளில் மாதப்படி உண்டு, அதுவும் பஸ்ஸுக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் சரியாகிவிடும். கைத்தொழில் செய்துகொண்டே ஊழியம் செய்வது குறைவு என்று நினைக்கும் மனநிலை போக வேண்டும். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்தார். இங்கே லீக்ஸ், கேரட் போடுகிறவரும், பாடசாலையில் படிப்பிக்கிறவரும், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவரும் போதகராக இருக்கிறார்கள். அவர்களுடைய ஊழியம் அரை ஊழியமாகிவிடாது. சபை அவர்களுக்கு ஏற்றபடி கூட்டங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியாவிலிருந்து வந்த வழக்கம் பிடியரிசிக் காணிக்கை. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்து ஞாயிறன்று கொண்டுவருவது. கொடுக்கிறவளின் கை நிறையும், வாங்குகிறவரின் பானையும் நிறையும். காசாக வரும் காணிக்கைக்கோ ஒழுங்கு வேண்டும்: இரண்டு பேர் எண்ண வேண்டும், அன்றே புத்தகத்தில் ஏற வேண்டும், மாதக் கடைசியில் தொகை ஆலயச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். போதகர் கையில் சாவி இருக்கவே கூடாது என்பேன். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, சந்தேகத்திலிருந்து அவரைக் காப்பாற்றவே சொல்கிறேன். சபையாரிடம் கடன் வாங்கவோ, சபையாரின் நுண்கடனுக்குப் பிணை நிற்கவோ கூடாது. இந்த இரண்டிலும் சிக்கி இரவோடிரவாகத் தோட்டத்தை விட்டுப் போன ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர். சபையின் காசில் ஒரு சதம் தொட்டதில்லை. இல்லையென்று சொல்லத் தெரியாமல் போனார்.

தோற்சுருளுக்கு வருகிறேன். 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்து, பிரெஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரியைத் தொடங்கின. சிங்களத்திலும் தமிழிலும் அங்கே படிப்பு நடக்கிறது. பேராதனையில் லங்கா வேதாகமக் கல்லூரி இருக்கிறது. கண்டிப் பக்கத்திலேயே இவ்வளவு இருந்தும், படித்து முடித்துத் தோட்டத்துக்கு வந்தபின் ஐந்து வருடத்தில் ஒரு புதுப் புத்தகம் வாங்காத போதகர்கள் அநேகர். காசில்லை என்பது ஒரு காரணம். நேரமில்லை என்பது இன்னொன்று. அதனால் தொலைபேசியில் வரும் பிரசங்கத்தைக் கேட்டு, அதையே ஞாயிறன்று திருப்பிச் சொல்கிறார்கள். சென்னையின் பெரிய மண்டபத்துக்கென்று செய்த பிரசங்கம் முப்பது பேர் இருக்கும் தோட்டச் சபையில் பொருந்துவதில்லை. விதைக்கிறவன் உவமையைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்குச் சொல்லும்போது ஒரு போதகர், புதுக்கன்று நட்ட மலையில் எத்தனை பிடித்தது, எத்தனை பட்டது என்று கேட்டுத் தொடங்கினார். பின்வரிசையிலிருந்த கங்காணி ஒருவர் எழுந்து பதில் சொன்னார். பட்டதற்குக் காரணமும் சொன்னார். அன்றைய பிரசங்கத்தில் பாதியை அவரே செய்தார் என்று சொல்லலாம்.

சோர்வைப் பற்றி நேராகப் பேச வேண்டும். எலியா கர்மேலில் வென்ற பின் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் படுத்து, சாவு வரட்டும் என்கிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான், எழுப்பி மறுபடியும் சாப்பிட வைத்தான். பிரசங்க மன்னர் என்று பெயர் வாங்கிய சார்ல்ஸ் ஸ்பர்ஜனுக்கு 22 வயதாக இருந்தபோது, 1856 ஒக்டோபரில், லண்டனில் அவர் பிரசங்கித்த மண்டபத்தில் யாரோ தீ என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் செத்தார்கள். அதன் பிறகு வாழ்நாள் முழுதும் மனச்சோர்வு அவரை விட்டு விட்டுப் பிடித்தது. அதை அவர் மறைக்கவில்லை. தம்மிடம் படித்த மாணவர்களுக்கு, போதகர் மயங்கி விழும் வேளைகளைப் பற்றியே ஒரு விரிவுரை நடத்தினார். நம்மிடம் அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை. தூக்கமில்லை, அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்று ஒரு போதகர் சொன்னால் அவரை டொக்டரிடம் அனுப்ப வேண்டும். உபவாசம் போடச் சொல்லி அனுப்பக்கூடாது.

தலவாக்கலையில் சென்கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் உருவான அந்த நிலையம் ஒரு செடி எத்தனை வருடம் கொழுந்து கொடுத்தால் அதைக் கவ்வாத்து வெட்ட வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறது. மலைநாட்டில் நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை வெட்டுகிறார்கள். வெட்டிய மலை மொட்டையாக நிற்கும். சில மாதம் அங்கே கூடை போகாது. நட்டமென்று எந்தத் துரையும் அதை நிறுத்துவதில்லை, நிறுத்தினால் செடி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். இருபது வருடம் ஒரு நாள் விடாமல் பறித்துக்கொண்டே இருக்கிறோம் நம் போதகர்களை. வாரத்தில் திங்கட்கிழமை அவருடையது என்று சபை தீர்மானம் எழுதினால் போதும், தொடக்கம் அதுவே. சாவு, ஆஸ்பத்திரி இரண்டுக்கு மட்டும் அன்று கூப்பிடலாம். ஞானஸ்நானக் கடிதத்துக்குச் செவ்வாய் வரலாம்.

ஞானஸ்நானப் பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்து, அண்ணனை நீலகிரியிலும் தம்பியைத் தலவாக்கலையிலுமாகப் பிரித்தது. அந்தத் துயரம் கண்ட சமூகத்தில் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி மூன்றையும் பிழையில்லாமல் எழுதி வைப்பது வெறும் அலுவலக வேலை ஆகாது. எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், மழை ஒழுகாத பெட்டியில் இருக்க வேண்டும்.

உரிமைப் போராட்டத்தில் போதகர் எங்கே நிற்பது? 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில், காணிகளைப் பறிக்க வந்ததை எதிர்த்த தொழிலாளர் மேல் பொலிஸ் சுட்டு, சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் உயிர்விட்டார். எங்கள் பகுதியில் அதை மறந்தவர் இல்லை. கண்டியில் 1972இல் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்டத் தமிழரின் பக்கம் வாழ்நாளெல்லாம் நின்றார். அவர் காட்டிய வழி இன்றும் செல்லும் என்று நம்புகிறேன். சம்பளத்துக்காக மக்கள் ரோட்டில் உட்காரும்போது போதகரும் உட்காரலாம், உட்கார வேண்டும். ஆனால் எந்தச் சங்கத்தின் கொடியையும் அவர் பிடிக்கக்கூடாது. ஒரே லயத்தில் மூன்று சங்கத்துக்குச் சந்தா போகிறது. மூன்று வீட்டுக்கும் அவர் போக வேண்டியவர்.

மதமாற்றம் பற்றிய சந்தேகம் இந்த நாட்டில் எப்போதும் புகைந்துகொண்டிருக்கிறது. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று வந்து நின்றது. 2008இல் வந்த அரசாங்கச் சுற்றறிக்கையைக் காட்டி, புதிய வழிபாட்டு இடங்களுக்கு அனுமதி கேட்டுச் சிறு சபைகளை அலைக்கழித்தார்கள். போதகர் தம் சட்ட உரிமையை அறிந்திருக்க வேண்டும், கிராம அலுவலரோடும் பொலிஸோடும் கோயில் தலைவரோடும் பிரச்சினை வருவதற்கு முன்பே பழக்கம் வைத்திருக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் மலைநாட்டைப் பிளந்தபோது மண்சரிவுகளில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். நாட்டில் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படிப்பட்ட வேளையில் அரிசிப் பொதி கொடுத்துவிட்டு ஆராதனைக்கு வரச் சொல்வது பாவம் என்றே சொல்வேன். நிவாரணப் பட்டியலில் மதம் என்ற பத்தியே இருக்கக்கூடாது.

போதகரின் மனைவியைப் பற்றி நாம் பேசுவதில்லை. பாஸ்டரம்மா என்று கூப்பிட்டு, சம்பளமில்லாத இரண்டாவது ஊழியராக வைத்திருக்கிறோம். ஓய்வுநாள் பாடசாலை, பெண்கள் கூட்டம், வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு. அவருடைய பிள்ளை பரீட்சையில் குறைவாக எடுத்தால் சபை முழுதும் பேசும். இதை மாற்றச் சபைக்குக் காசு வேண்டியதில்லை.

இனி மூன்றாவது தேவை, ஆள். மோசே காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து வழக்குக் கேட்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீயும் தொய்ந்துபோவாய், ஜனமும் தொய்ந்துபோகும் என்ற கருத்தில் எச்சரித்து, பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். குடும்பத்துக்கு வெளியே அதைச் சொல்லும் ஆள் போதகருக்கு இல்லை. மேலதிகாரி இருக்கிறார், ஆனால் அவரிடம் பலவீனத்தைச் சொன்னால் இடமாற்றத்தில் தெரியுமோ என்ற பயம் இருக்கிறது. சபையாரிடம் சொல்ல முடியாது. இதற்கென்று தலவாக்கலைப் பக்கத்தில் நான்கு சபைகளின் போதகர்கள் மாதத்துக்கு ஒரு திங்கள் கூடுகிறார்கள். கூடும் இடத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். கூட்டக் குறிப்பு இல்லை, தலைவர் இல்லை. சபைக் கணக்கு, ஆள் எண்ணிக்கை பேசக்கூடாது என்பது மட்டும் விதி. அன்று கூடிய வீட்டுக்காரரின் உறவுக்காரன் என்பதால், தேத்தண்ணி ஊற்றும் சாக்கில் ஒரு தடவை நான் அங்கிருந்தேன்.

மழை நாள். வயதில் இளையவர் டயகமப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்தவர், தெப்பமாக நனைந்திருந்தார். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தார். மூத்தவர் உள்ளே போய்த் தம் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். சாம்பல் நிறம், முழங்கையில் தைத்தது. இளையவருக்குக் கை நீளம் போதவில்லை. அதைப் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் முதல் அரைமணி நேரம் எதுவும் பேசவில்லை, மற்றவர்களும் அவரைக் கேட்கவில்லை. ரொட்டியும் சம்பலும் வந்தன. பிறகு அவராகவே தொடங்கினார். அவர் சொன்னதை நான் எழுத மாட்டேன். மூன்றரை மணிக்குப் பஸ் என்று எழுந்தபோது சட்டையைக் கழற்றப் போனார்.

'இருக்கட்டும் தம்பி,' என்றார் மூத்தவர். 'அடுத்த மாசம் போட்டுக்கிட்டு வாங்க.'